பறிகொடுத்த சொல்

வால்டிவியாவில் ஜூன் மழை நிற்பதில்லை,
மூச்சு வாங்கக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.
வெள்ளிக்கிழமை இரவுகளில்
என் விறகடுப்பைச் சுற்றி நாங்கள் நால்வர்.
மேசைமேல் இருபது முகப் பகடை,
எண்ணெய் கசியும் பூசணி ரொட்டி.
கீழே ஆற்றங்கரை மீன்கடைப் பக்கம்
கடற்சிங்கங்கள் குரைத்துக்கொண்டிருக்கும்.

ஆட்டத்தை நடத்துபவன் எவாரிஸ்தோ,
பகலில் படகுத்துறையில் சீட்டுக் கிழிப்பவன்.
நிலவறையின் ஏழாம் படியில்
உங்களுக்கு ஒரு புத்தகம் கிடைக்கிறது என்றான்.
சொல்லிவிட்டு, பையிலிருந்து
நிஜமாகவே ஒன்றை எடுத்து வைத்தான்:
துறைமுகத்தில் கழித்துப்போட்ட ஓதப் பதிவேடு,
மழைக்கோட்டுத் துணியில் அட்டை,
பிரித்தால் உப்பு வாடை.

"இது பசித்த புத்தகம்.
பக்கத்துக்கு ஒரு மந்திரம் தரும்,
மந்திரத்துக்கு ஒரு சொல் தின்னும்.
தின்ற சொல்லை இந்த மேசையில்
இனி நீங்கள் உச்சரிக்கக் கூடாது.
நாவில் தினமும் புரளும் சொல்லாக இருக்கட்டும்,
அகராதித் தூசி இதற்குச் செரிக்காது."

நாஹுவேல் முதலில் கொடுத்தான்: 'மன்னிப்பு'.
மலிவாகத் தப்பித்ததாக நினைப்பு.
அடுத்த வாரம் தாமதமாக வந்தவன்
வாயைத் திறந்தான், மூடினான்,
திரும்ப மழைக்குள் இறங்கிப்போய்
ஒரு கட்டு விறகோடு வந்தான்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
என் வீட்டில் விறகுக்குப் பஞ்சமில்லை.

மில்லராய் 'நாளை'யைக் கொடுத்தாள்.
ஆஸ்பத்திரியில் இரவுப் பணி அவளுக்கு;
அந்தச் சொல் எப்படியும் சுமைதானாம்.

ஆட்டத்தில் நான் பூட்டுத் திறக்கும் திருடி,
பெயர் சாம்பல்விரல்.
பகலில் பிகார்தே தெருவில் இரும்புச் சாமான் கடை:
கீல், கொக்கி, தாழ்ப்பாள், திருகாணி.
நாஹுவேலின் குள்ளன் கழுத்தளவு நீரில் நின்றபோது
பகடை மூன்று காட்டியது.
வேறு வழியில்லை, பக்கத்தைப் புரட்டினேன்.
என் பிழைப்பின் முதல் சொல்லையே கேட்டது.
எவாரிஸ்தோ நீல மையில் அதை எழுதினான்,
குறுக்கே ஒரு கோடு கிழித்தான்.
குள்ளன் பிழைத்துத் தும்மினான்.

அடுத்த அறையிலேயே நின்றது அது:
கருங்காலி மரம், பித்தளைக் குமிழ்,
அந்தப் பக்கம் யாரோ மூச்சுவிடும் சத்தம்.
"இதைத் திறக்கிறேன்" என்றேன்.
"எதை?"
"வாசலை."
"வாசலுக்கு ஏது தாழ்ப்பாள்?"
"நிலையில் தொங்கும் பலகையை.
ஆடுகிற சுவரை. அட, இதைத்தான்!"
பதினோரு மணிவரை அங்கேயே நின்றோம்.
மில்லராய்க்குச் சிரித்துச் சிரித்து விக்கல்.
கடைசியில் குள்ளன் பக்கத்துச் சுவரை இடித்தான்.

விளையாட்டுத்தான்.
ஆனால் திங்கட்கிழமை கடைக்கு வந்த ஒருவர்
"இந்தக் கீல் எதற்குப் பொருந்தும்?" என்றபோது
நான் கையை நீட்டிக் காட்டினேன்.
திறந்து கிடந்ததால் அது அவர் கண்ணில் படவில்லை.
"தெருவுக்கா?" என்றார்.

ஆகஸ்டில் எவாரிஸ்தோவுக்குத் தெற்கே,
புன்தா அரேனாசில் வேலை கிடைத்தது.
கடைசி இரவு புத்தகம் அவனையே கேட்டது.
எங்களுக்குக் காட்டாமல் எழுதினான், அடித்தான்.
இரண்டு மணிக்குத் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.
மூவரும் அவன் வாயையே பார்த்தோம்.
உதடு அசைந்தது.
மிச்சமிருந்த ரொட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
நனைந்தபடி இறங்கிப் போனான்.

பதிவேடு என்னிடம்தான் இருக்கிறது.
அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடலாம் என்கிறான் நாஹுவேல்.
"இன்னொரு நாள்" என்கிறாள் மில்லராய்,
அவளுக்கு அதற்குமேல் கிட்டத்தில் சொல்ல வராது.

இன்று வெள்ளி. மணி ஒன்பது. மழை.
யாரோ தட்டுகிறார்கள்.
எதை என்று சொல்லத் தெரியாமல்
எழுந்து போகிறேன்.